உன் ஜீப்புக்கு எந்த இஞ்சின், மச்சான்?

மச்சான்,

இன்று காலை தங்கராசா பாஸின் கராஜுக்குள் கால் வைத்ததும் உன் சட்டை வாசம் வந்தது. பெற்றோல், பழைய ஒயில், சூடு ஆறிய இரும்பு, அதற்குள்ளே எங்கோ கொஞ்சம் வைக்கோல் தூசு. எந்தச் சவர்க்காரம் போட்டாலும் போகாமல் உன் மேல் குடியிருந்த வாசம். ஸலாம் சொல்ல வாயெடுத்துவிட்டேன். நீ ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடப்பாய், உன் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்று கண் தானாகவே கீழே தேடிற்று. கால் இல்லை. ஜீப்பின் முன்பக்கம் வெறும் குழியாகக் கிடந்தது. அதற்குள் இருந்த இஞ்சின், குர்பான் கொடுத்த மாட்டை உரித்துத் தொங்கவிட்ட மாதிரி, சங்கிலியில் தொங்கியது. கீழே வைத்த தாச்சியில் கறுப்பு ஒயில் சொட்டிக்கொண்டிருந்தது.

பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பெரியநீலாவணை ஆள். வாய்க்கு ஓய்வு கொடுக்க மாட்டார், உனக்குத் தெரியும்.

“ஹாஜியார், இண்டைக்காவது ஒரு முடிவச் சொல்லுங்க. தொங்கிறது இஞ்சின். பொண் பாக்கிற மாதிரி வந்து வந்து பாத்துப்போட்டுப் போறீங்க.”

“என்ன செய்யலாம் எண்டு நீங்க சொல்லுங்களன்.”

“நான் எத்தின தரம் சொல்ற? சிலிண்டர முந்தியே ஒருக்காப் பெருப்பிச்சாச்சு. இனிப் பெருப்பிக்க இடமில்ல. லைனர் அடிச்சு, கிராங்க அராவி, ஹெட்டச் சீவித் திரும்பக் கட்டலாம். பழைய சீமை இஞ்சின் பழையபடி ஓடும். இல்லெண்டா இதக் கழட்டி மூலையில போட்டுப்போட்டு யப்பான் டீசல் ஒண்ட இறக்குவம். நல்ல சாமான் ஒண்டு என்னட்டயே இரிக்கி.”

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாற்றச் சொல்கிறவரிடம் விற்க ஒன்று இருக்கிறது. அது எனக்கு விளங்காமல் இல்லை. சைக்கிளில் பிளாஸ்டிக் வாளி கட்டி விற்றுத்தான் நான் கல்முனைக் கடைக்கு வந்தேன். எவன் எந்த இடத்தில் கண்ணை எடுக்கிறான் என்று பார்க்கத் தெரியாமல் இருந்திருந்தால் இன்னமும் அந்தச் சைக்கிளில்தான் இருந்திருப்பேன். ஆனால் இந்த முறை அந்தக் கெட்டித்தனம் ஒன்றும் உதவவில்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் பிழையாகிவிடும் போலிருந்தது. “நாளைக்குச் சொல்றன்” என்று வந்துவிட்டேன்.

நீ கபுறுக்குப் போன பிறகு வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவுக்குப் போகுமுன் ஜீப்பை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்ப்பேன். ஓட்ட அல்ல. நான் எப்போது அதை ஓட்டினேன்? சும்மா சத்தம் கேட்க. சில மாதத்திலேயே நீலப் புகை வந்தது. பிறகு உள்ளேயிருந்து ஒரு தட்டல். மெதுவாகக் கதவைத் தட்டுவது போல. அந்தத் தட்டல் கேட்ட அன்று முதல் எனக்கு நித்திரை சரியில்லை.

ஒரு பழைய ஜீப்புக்கு ஏனடா இவ்வளவு பயம் என்று கேட்பாய். சொல்கிறேன். அறுவடை வருகிறது. மலையடி வட்டைக்கு, அந்தக் காட்டோர வயல்வெளிக்கு, நீ போன மாதிரி இந்த முறை ரிஸ்வான் போகப்போகிறான். உன் மருமகன், உன் மகள் ஸபீனாவின் மாப்பிள்ளை. நீ ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்திலேயே உன் வேலையெல்லாம் அவன் கைக்கு வந்துவிட்டது. உங்கட வயலையும் எங்கட வயலையும், மற்ற வயல்காரரிடம் நாம் நெல் வாங்குகிற வியாபாரத்தையும் அவன்தான் பார்க்கிறான். அறுவடை மெஷின் நிற்கிற இடத்துக்கே போய், நெல்லை உள்ளங்கையில் உரசிப் பார்த்து, அந்த இடத்திலேயே விலை பேசி மூட்டையைக் கட்டினால்தான் நெல் நம் கைக்கு வரும். இல்லாவிட்டால் வெளியூர் லொறி முந்திவிடும். மதகுக்கு அப்பால் வாய்க்கால் கட்டில் அந்தச் சேற்றுக்கு என்னுடைய பிக்கப் போகாது. போன போகம் அதை உழவு மெஷின் கட்டி இழுத்தார்கள். ஜீப்தான் போகும். போனால் வெளிச்சம் மங்கும் நேரத்தில்தான் திரும்பலாம். அந்த நேரத்தில்தான் அவர்களும் காட்டை விட்டு இறங்குவார்கள்.

பார்த்தாயா, கடைக்குள் இருந்து எழுதும்போது கூட “அவர்கள்” என்கிறேன். வட்டைக்குள் ஆனையை ஆனை என்று சொல்லக் கூடாது, பெரியாள் என்றுதான் சொல்ல வேண்டும் என்று பழக்கியது நீயில்லை, வயல்காரர் எல்லாரும்தான். ஆனால் உன் வாயில் அது மரியாதையாக இருந்தது. என் வாயில் வெறும் பயம்.

அந்த ஜீப்பை ஏலத்தில் எடுத்த நாள் நினைவிருக்கிறதா? ஒரு அரசாங்கத் திணைக்களத்து வளவில் புல்லுக்குள் புதைந்து கிடந்தது. நான் சுற்றிச் சுற்றி வந்து துருவைச் சுரண்டிப் பார்த்தேன். நீ ஒன்றையும் பார்க்காமல் டிரைவர் சீட்டில் ஏறி இருந்துவிட்டாய். “மச்சான், கணக்கு உன்ட பங்கு. ஓட்டுறது என்ட பங்கு” என்றாய். அப்படித்தான் கடைசிவரை இருந்தது. இன்னொன்றும் உன் பங்காக இருந்தது, நாம் அதைப் பேசிக்கொண்டதில்லை. தைரியம். காட்டு ஓரத்தில் கிளை முறிகிற சத்தம் கேட்டால் நான் உன் முகத்தைத்தான் பார்ப்பேன். உன் முகத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் எனக்கும் ஒன்றும் இல்லை. அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் நான் அத்தனை போகமும் அந்த வட்டைக்குள் போய் வந்தேன்.

அந்தப் பின்னேரத்தைத்தான் இந்த நாட்களில் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

கொளுத்தும் வெயில். காலையிலிருந்து களம் களமாக ஓடிய ஜீப் பழுக்கக் காய்ந்திருந்தது. நாம் வாய்க்கால் கட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். தூரத்துப் பள்ளியில் மஃரிப் பாங்கு சொன்னது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்ததால் தெளிவாகவே கேட்டது. பாங்கு சொன்னால் ஊரில் எல்லாரும் ரேடியோவை நிற்பாட்டுவார்கள். நீ இஞ்சினையும் நிற்பாட்டுவாய். சந்தையில் நின்றாலும் சரி, ஆற்றுக்குள் நின்றாலும் சரி. “அந்தச் சத்தத்துக்கு மேல நம்மட சத்தம் வேணாம்” என்பாய். அன்றும் சாவியைத் திருப்பி நிற்பாட்டினாய்.

“டேய், சூட்டு இஞ்சினடா, இதுல நிப்பாட்டாத” என்று நான் சொல்லி முடிக்கவில்லை, அது அடங்கிவிட்டது.

நம் இருவருக்கும் அந்த இஞ்சினின் குணம் தெரியும். வெயிலில் நெடுக ஓடி நிறுத்தினால் குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகிவிடும். சூடு தணியும்வரை எழும்பாது. பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பகலில், தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில் என்றால் அது ஒரு பகிடி. அந்தக் கட்டில், அந்த நேரத்தில், பகிடி இல்லை.

பாங்கு முடிந்தது. நீ வாய்க்குள் துஆ ஓதினாய். அப்போதுதான் வலப்பக்கப் பற்றைக்குள் இருந்து முதலாவது வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு குட்டி. எண்ணுகிற நிலையில் நான் இல்லை. அவை வயலுக்கு இறங்கும் பாதையில் சரியாக நடுவில் நம் ஜீப் நின்றது.

நீ கையைச் சாவிக்குக் கொண்டு போனாய். “டிக்” என்று ஒரு சத்தம். இஞ்சின் எழும்பவில்லை. நான் உன் இடக்கையை நகத்தால் கிழிக்கிற மாதிரிப் பிடித்தேன். நீ குனியாமல், திரும்பாமல், உதடு அசையாமல் சொன்னாய்:

“மூச்ச விடுடா. மூச்சு விடுறதுக்குப் பெரியாள் ஒண்டும் செய்யாது.”

அவை நமக்கு முன்னாலும் பின்னாலும் கடந்தன. ஒன்றின் வயிறு என் பக்கத்து மட்காட்டில் உரசிற்று. ஜீப் ஒருக்கால் ஆடிற்று. சேறும் சாணமும் கலந்த ஒரு சூடு என் முகத்தில் அடித்தது. குட்டி நின்று முன் லைட்டைத் தும்பிக்கையால் தடவிப் பார்த்தது. தாய் அதைத் தள்ளிக்கொண்டு போயிற்று. அவ்வளவுதான். எல்லாம் வயலுக்குள் இறங்கிய பிறகும் நீ நெடுநேரம் அசையவில்லை. பிறகு சாவியைத் திருப்பினாய். ஒரே தரத்தில் பிடித்தது.

“சூடு ஆறிட்டு” என்றாய்.

வீட்டுக்கு வந்து சேரும்வரை நாம் கதைக்கவில்லை.

அன்றிலிருந்து இரண்டு விடயத்தை நான் கலிமா மாதிரி நம்பினேன். ஒன்று, சூடேறிய பெற்றோல் இஞ்சினை நம்பினால் மௌத்து. மற்றது, அன்று நம்மைக் காப்பாற்றியது சத்தமின்மை. எழும்பாத அந்த இஞ்சின் எழும்பியிருந்தால் அவை வெருண்டு நம்மைத் தகரம் மாதிரி நசித்திருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்று அப்போது யோசிக்கத் தேவை இருக்கவில்லை. நீ ஓட்டினாய், நான் பக்கத்தில் இருந்தேன். இப்போது தங்கராசா பாஸ் முடிவு கேட்கிறபோதுதான் அது இடிக்கிறது. பழையதைக் கட்டினால் பூனை மாதிரிப் போகும், ஆனால் எழும்பாமல் போகலாம். டீசலை இறக்கினால் எப்போதும் எழும்பும், ஆனால் ஒரு மைல் கட்டை தூரத்துக்குக் கடகடவென்று ஊரைக் கூட்டும். பெரியாளுக்குப் பிடிக்காதது சத்தம்தான் என்பது வயல்காரர் எல்லாருக்கும் தெரியும். நான் பிழையாகத் தெரிந்தெடுத்தால் ஸபீனா விதவை. கடையில் பிழையாகச் சரக்கெடுத்தால் அடுத்த மாதம் மலிவாகத் தள்ளிவிடலாம். இதை எங்கே தள்ளுவது?

கொழும்பிலிருந்து ஒருவர் வேறு பேசினார். பழைய வாகனம் சேர்க்கிற பெரிய இடத்து ஆள். “ஒரிஜினல் இஞ்சின மட்டும் மாத்திப்போடாதீங்க, மாத்தினா அது ஜீப் இல்ல, தகரம்” என்றார். “நீங்க அதுல வட்டைக்குப் போறீங்களா?” என்று கேட்டேன். சிரித்தார். அவருக்குக் கராஜில் நிற்கிற ஜீப் வேண்டும். எனக்கு, போனவனைத் திருப்பிக் கொண்டு வருகிற ஜீப் வேண்டும்.

இவ்வளவும் எழுதி மடித்து வைத்துவிட்டேன், மிச்சத்தை இப்போது முதல் அறுவடை முடிந்த பிறகு எழுதுகிறேன். பாஸ் ஒரு வழி சொன்னார். டீசல் இறக்கிய ஜீப் ஒன்று அவரிடம் சொந்தமாக இருக்கிறது, ஓட்டிப் பாருங்கள் என்றார். ரிஸ்வானைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் ஓட்ட, நான் பக்கத்தில். கடற்கரை வீதியால் போனோம். சத்தம் காதைக் குடைந்தது. சீட்டின் கீழே யாரோ கல் உடைப்பது போல. “இது பெரியாளுக்குக் கலியாண மேளமடா” என்றேன். அவன் சிரித்தான்.

“இழுவையப் பாருங்க ஹாஜியார். இரண்டாவது கியர்ல சேத்தத் தின்னும் இது.”

அப்போது அஸர் பாங்கு சொன்னது. ரிஸ்வான் ஓரமாக எடுத்தான், சாவியைத் திருப்பினான், இஞ்சினை நிற்பாட்டினான்.

“ஏன் நிப்பாட்டின?” என்றேன். பாங்கு ஓதி முடியும்வரை அவன் பதில் சொல்லவில்லை. பிறகுதான் சொன்னான், ஏதோ நல்ல பிள்ளை மாதிரி:

“மாமாட பழக்கம். ரெண்டு போகம் அவரோட போய் வந்து எனக்கும் தொத்திட்டு.”

உன் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது, மச்சான். மையவாடிக்கு வந்து உன் கபுறடியில் நின்று ஏசிவிட்டுப் போகலாமா என்றிருந்தது. அந்தப் பழக்கத்தை விடு என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் யார் அதைச் சொல்ல? சொன்னாலும் அந்தப் பின்னேரத்தில் பாங்கு காதில் விழுந்தால் அவன் கை தானாகவே போகும். கை அப்படித்தான்.

அன்று பின்னேரமே ஸபீனாவிடம் போனேன். சீதனமாக அவளுக்கு நீ கட்டிக் கொடுத்த வீட்டில், உன் கதிரையிலேயே என்னை இருக்க வைத்தாள். பிளேன்ரீ கொண்டு வந்து வைத்துவிட்டு எனக்கு முன்னால் தரையில் இருந்தாள். உன்னைப் போலவே, சொல்ல வந்ததைச் சுற்றாமல் கேட்டாள்.

“இன்னமும் முடிவில்லையா மாமா? நீங்களும் வாப்பாவும் அந்த இஞ்சினக் காவின் எழுதிக் கட்டின ஆக்கள். இப்ப தலாக் சொல்ல மனம் வருதில்ல போல.”

“பகிடி விடாத மகள். உன்ட மாப்பிள்ளட உசிரு இது.”

“அது தெரிஞ்சதாலதான் பகிடி விடுறன். இல்லாட்டி நான் அழுது குளறணும்.” பிளேன்ரீக் கோப்பையை என் பக்கம் தள்ளினாள். “எத வைச்சாலும் வைங்க. அவர் திரும்பி வாற இஞ்சின் எதுவோ அத வைங்க. அவ்வளவுதான் எனக்கு.”

அதுதான் தெரியவில்லை என்றேன். அந்தப் பின்னேரக் கதையை அவளுக்குச் சொன்னேன். அவளுக்கு அது தெரியாது என்று நினைத்துத்தான் சொன்னேன். பாங்கு, சூட்டு இஞ்சின், எழும்பாமல் போனது, அந்தச் சத்தமின்மை காப்பாற்றியது எல்லாம். சொல்லி முடித்து, “அதனாலதான் மகள், பழைய இஞ்சின் எழும்பாது எண்டும் பயம், புதுசு சத்தம் போடும் எண்டும் பயம்” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“மாமா, வாப்பா அண்டைக்குச் சாவியத் திருப்பவே இல்ல.”

“என்ன?”

“திருப்பவே இல்ல. கை வரல்லயாம். ஆஸ்பத்திரியில இருக்கக்க எனக்குச் சொன்னார்.”

“இல்ல மகள். எனக்கு ‘டிக்’ எண்டு கேட்டிச்சு. நான் பக்கத்தில இருந்தனான்.”

“அது மோதிரம். கை நடுங்கி மோதிரம் சாவியில அடிச்சிருக்கி. சாவியப் பிடிச்சாராம், திருப்ப விரலுக்குப் பெலன் இல்லயாம். முழங்காலுக்குக் கீழ ஒண்டுமே இல்லாத மாதிரி இருந்ததாம். மூத்திரம் கூட...” அவள் நிறுத்திக்கொண்டாள். “எல்லாம் போன பிறகு, கை தன்ட பாட்டில வந்த பிறகுதான் திருப்பினாராம். இஞ்சினுக்கு ஒண்டும் இல்லயாம். முந்தியே திருப்பியிருந்தா முந்தியே பிடிச்சிருக்கும் எண்டார்.”

நான் பிளேன்ரீயைக் கீழே வைத்தேன். வைக்கிற இடம் தெரியாமல் வைத்தேன், அவள்தான் கோப்பையைப் பிடித்தாள்.

“எனக்கு ஏன் சொல்லல்ல?”

“சொல்ல வேணாம் எண்டார். ‘அவன் என்ட மூஞ்சப் பாத்துத்தான் வட்டைக்கு வாறவன். அத அவனிட்டருந்து பறிச்சுப்போடாத’ எண்டார்.”

மச்சான், உனக்கு மனிதத்தன்மை இருந்ததா இல்லையா? எத்தனை போகம்! எத்தனை பின்னேரம்! நான் மட்டும்தான் பயந்தவன் என்று வெட்கப்பட்டுக்கொண்டு உன் பக்கத்தில் இருந்தேனே. தொழுகைக்கு ஒளுச் செய்யும்போது உன் இடக்கையில் என் நகம் பட்ட இடத்தைப் பார்த்து நீ சிரித்தாயே. அந்தச் சிரிப்புக்குள் எதை வைத்திருந்தாய்?

பள்ளிக்குப் போகாமல் கடற்கரைக்குப் போனேன். தோணிகளுக்குப் பக்கத்தில் மணலில் இருந்து யோசித்தேன். கணக்குப் பார்க்கிறவன் நான், கணக்கை முதலிலிருந்து பார்த்தேன். அன்று இஞ்சின் எழும்பாமல் போகவில்லை. ஆகவே பழைய இஞ்சின் குற்றவாளி இல்லை. சத்தமின்மையை நீ தெரிந்தெடுக்கவும் இல்லை, உன் விரல் விறைத்துப் போனதால் அது வந்தது. சத்தம் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? வெருண்டு ஓடியிருக்கவும் கூடும். அத்தனை காலம் நான் உண்மை என்று கட்டிப் பிடித்திருந்த இரண்டும் மணல். கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எனக்கு அந்த வட்டையில் இருந்ததை விடப் பயமாக இருந்தது. அங்கே உன் முகம் இருந்தது. இப்போது உன் முகத்துக்குப் பின்னாலும் பயம்தான் இருந்தது என்றால், நான் யாருடைய முகத்தைப் பார்ப்பது?

கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சிற்று. கை. பயந்த கை. உன்னுடைய கை எத்தனை பெரிய கை! அந்த இஞ்சினின் ஒவ்வொரு நரம்பும் தெரிந்த கை. பெற்றோலைக் கொஞ்சமாக மிதிக்க வேண்டும், கூட மிதித்தால் மூழ்கிவிடும், சோக்கை அரைவாசி இழுக்க வேண்டும், இந்தச் சத்தம் வந்தால் விட வேண்டும் என்று எல்லாம் தெரிந்த கை. அதுவே விறைத்துப் போயிற்று. ரிஸ்வானின் கை அதை ஒருநாளும் அவ்வளவு பழகப் போவதில்லை. எது நல்ல இஞ்சின் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டிருக்க வேண்டியது, நடுங்குகிற கைக்கு எது எழும்பும் என்று.

இஷாத் தொழுதுவிட்டுப் பள்ளி வாசலில் அவனைப் பிடித்தேன்.

“ரிஸ்வான், மறைக்காமச் சொல்லு. நெஞ்சு அடிக்க, கை நடுங்க, ஒண்டும் யோசிக்க ஏலாம இரிக்கக்க, எத ஸ்டார்ட் பண்ணுவாய்?”

“டீசல்” என்றான், யோசிக்காமலே. “சின்னனில இருந்து உழவு மெஷின்ல இருந்த ஆள் நான் ஹாஜியார். கண்ண மூடிட்டும் எழுப்புவன். மாமாட பெற்றோல நான் எழுப்புறதே அவர் சொல்லச் சொல்லத்தான்.”

“இத ஏன் முந்தியே சொல்லல்ல?”

“நீங்க கேக்கல்லயே. மாமாட சாமான், அதப் பற்றி நான் என்ன கதைக்கிற?”

முடிவு அங்கேதான், செருப்பைக் கொழுவிக்கொண்டே, எடுத்தேன்.

பாஸின் டீசலை வாங்கினேன். சும்மா வாங்கவில்லை. முந்தின நாளே “நான் வரும்வரைக்கும் இதத் தொடக் கூடாது” என்று சொல்லிவிட்டு, விடிய நேரத்தோடு போய், இரும்பில் கையை வைத்து, அது செத்த குளிராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுப்பச் சொன்னேன். விற்கிறவர்கள் முன்னமே ஒருக்கால் ஓட்டிச் சூடாக்கி வைப்பார்கள், அந்த விளையாட்டு எனக்குத் தெரியும். “ஹாஜியாருக்கு என்னில நம்பிக்க இல்ல” என்று பாஸ் முகத்தைத் தூக்கினார். “உங்களில இரிக்கி. இரும்பில இல்ல” என்றேன். முதல் திருப்பிலேயே எழும்பிற்று. வான் ஒன்றின் பெரிய சைலன்ஸரும், இஞ்சினுக்குக் கீழே தடித்த ரப்பரும் போடச் செய்தேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான். வாகனப் புத்தகத்தில் இஞ்சின் நம்பர் மாற்றவும் ஆள் பிடித்தாயிற்று. உன் பழைய இஞ்சினைக் கொழும்பு ஆள் கேட்டார். கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்காதே. வியாபாரக் காரணம் ஒன்றும் எனக்கே கிடைக்கவில்லை. கடைக்குப் பின்னால் பலகை மேல் வைத்து, கிறீஸ் பூசி மூடியிருக்கிறேன்.

முதல் அறுவடைக்கு நானும் போனேன். ஸபீனா வேண்டாம் என்றாள். “வயசு போன காலத்தில என்ன மாமா” என்றாள். நான் தெரிந்தெடுத்த இஞ்சினில் இன்னொருவனை மட்டும் அனுப்பிவிட்டுக் கடையில் மேசைக்குப் பின்னால் இருக்க என்னால் முடியாது. ஏறினேன்.

நெல் நல்லது. விலை பேசி முடித்து, மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு வெயில் மஞ்சளாகிற நேரத்தில் வெளிக்கிட்டோம். மதகுக்கு இன்னும் பாதி வழி இருக்கிறது, வாய்க்கால் கட்டு வளைகிற இடம், அங்கே நின்றது. கூட்டம் இல்லை. தனியாள். தனியாள்தான் கெட்டது, நீ சொல்வாய். கட்டின் குறுக்கே, பாதையை அடைத்துக்கொண்டு, தலையை ஆட்டாமல் நின்றது. ரிஸ்வான் பிறேக்கை மிதித்தான். இஞ்சின் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பெரியாளின் இரண்டு காதும் மெதுவாக விரிந்தன.

நான் ரிஸ்வானின் முகத்தைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நொடியில் நீ எனக்குச் செய்தது எல்லாம் எனக்கு விளங்கிற்று, மச்சான். அந்தப் பார்வை! அதற்கு ஒன்றும் இல்லாத முகம் ஒன்றைக் காட்டத்தான் நீ அத்தனை காலம் உன் பயத்தை ஒளித்தாய். என்னிடமும் அவன் அதைத்தான் கேட்டான். காட்டலாம் என்றுதான் நினைத்தேன். முகத்தை இறுக்கினேன். என்னால் முடியவில்லை. எனக்கு உன் முகம் இல்லை.

“ரிஸ்வான், எனக்குச் சரியான பயமா இரிக்கி” என்றேன். குரல் உடைந்துதான் வந்தது.

அவனிடமிருந்து ஒரு மூச்சு பெரிதாக வெளியே வந்தது.

“எனக்கும்தான் ஹாஜியார். கால் நடுங்குது.”

“நடுங்கட்டும். பின்னுக்கு எடு. மதகு வேணாம், திரும்பக் களத்துக்கே போவம். நான் அதப் பாக்கிறன், நீ பின்னுக்கு மட்டும் பாரு.”

அவன் தலையை வெளியே போட்டுப் பின்னுக்கு எடுத்தான். ஒரு சக்கரம் தவறினால் வாய்க்கால். நான் பெரியாளை விட்டுக் கண்ணை எடுக்காமல், “நிக்கிது... நிக்கிது... ஒரு அடி வைக்கிது... நிப்பாட்டாத... நிக்கிது” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அது ஓர் எட்டு வைத்தது. இன்னொரு எட்டு. தும்பிக்கையைச் சுருட்டித் தூக்கிற்று. எனக்குக் கண்ணீர் வந்தது, வெட்கமில்லாமல் வந்தது. “வருதா?” என்றான். “தெரியல்ல. எடு, எடு” என்றேன். ஒருக்கால் பின்சக்கரம் கரையை உரசிற்று, இஞ்சின் இருமிற்று. அவன் கையும் காலும் நடுங்கிக்கொண்டேதான் அதைப் பிடித்து எடுத்தன. இஞ்சின் அடங்கவில்லை.

வளைவு தாண்டியதும் பெரியாள் தெரியவில்லை. களத்தில் வயல்காரர்களோடு இருந்துவிட்டு, அவர்கள் வெடி கொளுத்திப் பாதை பார்த்த பிறகுதான் வந்தோம். வழி நெடுக இருவரும் கதைத்துக்கொண்டே வந்தோம். ஒரே கதைதான். எனக்கு எப்படி இருந்தது, உனக்கு எப்படி இருந்தது என்று. ஸபீனா வாசலில் நின்றாள். அவளிடமும் மறைக்கவில்லை.

நான் சரியாகத் தெரிந்தெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். அன்று பழைய இஞ்சினாக இருந்தால் பெரியாள் காதை விரித்திருக்காதோ என்னவோ. அது எனக்கு ஒருநாளும் தெரியப் போவதில்லை. அந்தப் பயம் போகவில்லை, போகாது. ஆனால் நீ ஒளித்து வைத்துக்கொண்டு தனியாகச் சுமந்த பயமும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அதை நான் ஒளிக்கவில்லை. அவ்வளவுதான் நான் உன்னை விடக் கெட்டிக்காரன்.

மேல் வயல் இன்னும் அறுக்கவில்லை. இன்று காலை ரிஸ்வான் கடை வாசலில் ஜீப்பை நிறுத்தி, தலையை நீட்டிக் கேட்டான்:

“ஹாஜியார், பயமா? வாறீங்களா?”

“பயம்தான். வாறன்” என்றேன்.